ஊருக்கு மேல் நின்ற ஜவ்வரிசி

ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு, கல்லேரிப்பட்டி சேகோ ஆலையின் நீராவிக் கூடம் வெடித்தது. உள்ளே தட்டுத் தட்டாக வெந்துகொண்டிருந்த ஜவ்வரிசி அத்தனையும் தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு வானத்துக்குப் போனது. போனது திரும்பி வரவில்லை. கூரைத் தகரம் வந்தது, செங்கல் வந்தது, யாரோ கழற்றி வைத்திருந்த ஒற்றைச் செருப்புகூட வந்து விழுந்தது. ஜவ்வரிசி மட்டும் ஊரின் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, வெள்ளை வெளேரென்று, மணிக்கு மணி ஒட்டியும் ஒட்டாமலும், ஒரு கல்யாணப் பந்தலின் அகலத்துக்குப் பரந்து அப்படியே நின்றுவிட்டது. அதன் நடுவில் செங்கோடனும் இருந்தான்.

எல்லோரும் டீக்குப் போயிருந்த நேரம் அது. தட்டு அடுக்குகிற செங்கோடன் மட்டும், இன்னும் நாலு தட்டுதான், எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியிருந்தான். இப்போது அந்த நாலில் ஒரு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மல்லாந்து, கண் மூடி, ஜவ்வரிசிக்குள் புதைந்து கிடந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் யாரிடமோ பைனாகுலர் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தூங்குறாருங்க, நெஞ்சு ஏறி எறங்குது" என்றார். ஊர் மூச்சு விட்டது. இது எப்படி என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அவனை எப்படி இறக்குவது என்பதுதான் எல்லோர் கேள்வியும்.

தீயணைப்பு வண்டி ஆத்தூரிலிருந்து வந்தது. ஏணியை நீட்டினார்கள். ஏணி ஒரு முழம் ஏறினால் ஜவ்வரிசியும் ஒரு முழம் ஏறியது. ஏணியை இறக்கினால் அதுவும் பழைய இடத்துக்கு இறங்கிக்கொண்டது. வீம்பு பிடித்த மாட்டிடம் பேசுவதுபோல அதிகாரி கொஞ்ச நேரம் அதனிடம் பேசிப் பார்த்துவிட்டு ஏணியை மடித்துக்கொண்டு போனார். தாசில்தார் வந்தார், தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். பாய்லர் பழசு, காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆலை குமாஸ்தா மட்டும் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, செங்கோடன் பெயருக்கு நேரே என்ன போடுவது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். ஆள் ஆலை எல்லைக்குள்தான் இருக்கிறான், ஆனால் ஆலையில் இல்லை. கடைசியில், கையில் தட்டு இருப்பதால் வேலையில்தான் இருக்கிறான் என்று முடிவு செய்து, வந்தார் என்று போட்டார்.

நீராவிப் பகுதி மேஸ்திரி வையாபுரியையும் விசாரித்தார்கள். ஐம்பத்து நாலு வயது. ஆலையில் இருபத்தாறு வருஷம். சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை, உம்மணாமூஞ்சி மேஸ்திரி என்றுதான் பெண்கள் அவருக்குத் தெரியாமல் சொல்வார்கள். "பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?" என்று ஆய்வாளர் கேட்டார். "அளவாத்தானுங்க இருந்துச்சு" என்று வையாபுரி சொன்னார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

அது பொய். பிரஷர் எவ்வளவு இருந்தது என்பது வையாபுரிக்குத் தெரியாது, ஏனென்றால் அன்று மீட்டரின் முள்ளை அவர் பார்க்கவே இல்லை. ஆயுத பூஜை அன்று எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, பாய்லரின் பிரஷர் மீட்டருக்கு வையாபுரியே தன் கையால் வைத்தார். வட்டமான அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் ஒரு முகம் மாதிரி இருக்கும். முகத்துக்கு வைப்பதுபோலவே நடுநெற்றியில், சந்தனத்தைக் கனமாக அப்பி, அதன்மேல் எட்டணா அகலத்துக்குக் குங்குமமும் வைத்தார். பூஜைக்கு மறுநாள் ஆலை விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை பாய்லரை ஏற்றியதும் முள் எழும்பி அந்தப் பொட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. துடைக்கலாம் என்று தோளிலிருந்து துண்டை எடுத்தார். எடுத்த கை நின்றது. வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாமல், ஒரு பொட்டை அழிப்பதா? நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு மீட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரும் டீக்குப் போனார்.

மீட்டர் இப்போது பொடிப்பொடியாகிவிட்டது. பார்த்த சாட்சி யாருமில்லை. சொல்லாவிட்டால் தெரியப் போவதில்லை என்ற எண்ணம் வந்தபோது, அந்த எண்ணம் தன்னுடையதுதானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது வேறு மாதிரி இருந்தது.

நாலாம் நாள்தான் செங்கோடனை இறக்கும் வழி தெரிந்தது. நாச்சிமுத்துவின் டீக்கடையில் ஆட்கள் அண்ணாந்து பார்த்தபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாளாகக் கல்லேரிப்பட்டியில் எல்லோருக்கும் கழுத்து வலி. கண்ணாடிக் கிளாசைக் கழுவிக்கொண்டே நாச்சிமுத்து சொன்னார்:

"ஜவ்வரிசி வெந்து ரெடியா நிக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சர்க்கரை ஆலையும் பால் சொசைட்டியும் வெடிச்சுருச்சுன்னா, நாம வாயத் தொறந்துட்டு நின்னா போதும். பாயசம்."

யாரும் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார்கள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒருவனுக்கு மூக்கு வழியாக டீயாக வெளியே வந்தது. அதைப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். பிறகு கடையே சிரித்தது. அப்போது கூரைத் தகரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் இரண்டு படி ஜவ்வரிசி தெருவில் கிடந்தது. அண்ணாந்து பார்த்தார்கள். ஜவ்வரிசியின் கீழ்விளிம்பு தொட்டியின் உச்சிக்கு நேராக வந்திருந்தது.

"சிரிச்சா எறங்குதுடா" என்றார் நாச்சிமுத்து. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்று முதல் ஊருக்குச் சிரிப்பது ஒரு வேலையானது. பஞ்சாயத்துத் தலைவர் பழனியம்மாள் தண்டோரா போட்டார்: காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும், ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்டுக் களத்தில், வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் சிரிக்க வர வேண்டும். மைக் செட் கட்டினார்கள். சிரிப்பின் சட்டதிட்டங்களை ஊர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது. பொய்ச் சிரிப்புக்கு ஒரு மணிகூட விழாது. ஒரே வேடிக்கையை இரண்டாம் தடவை சொன்னால் பாதிதான் விழும், மூன்றாம் தடவை சொன்னவர் முறைக்கப்படுவார். வெளியூரிலிருந்து மிமிக்ரிக்காரர் வந்து மந்திரிகள் மாதிரிப் பேசிக் காட்டியபோது ஒரு கைப்பிடி விழுந்தது. மாமியார் மருமகள் கதைக்கு ஒரு படி. ஆனால் நடந்ததைப் பற்றியே சொன்னால், ஆலையைப் பற்றி, வெடித்ததைப் பற்றி, மேலே கிடக்கிற செங்கோடனைப் பற்றியே சொன்னால், மூட்டைக் கணக்கில் இறங்கியது. இறங்கவேண்டும் என்றால் அவனை வைத்துத்தான் சிரித்தாக வேண்டும். சிரித்தார்கள். லுங்கி கட்டிக்கொண்டே வேலைக்கு வருகிறவன் அன்றைக்குப் பார்த்து உள்ளே டவுசர் போட்டு வந்தது ஊர் செய்த புண்ணியம் என்று ஒரு கிழவர் சொன்னதற்கு மட்டும் மூன்று மூட்டை விழுந்தது. விழுந்ததை மணல் படாமல் கூட்டி அள்ளி, ஆலைக் கிட்டங்கியில் தனியே வைத்தார்கள். தின்னலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை, தின்னவுமில்லை.

தொட்டிக்கு இரும்பு ஏணி உண்டு, நாற்பது படி. ஜவ்வரிசி எத்தனையாவது படிக்கு நேராக நிற்கிறது என்பதை வைத்து ஊர் கணக்குச் சொல்லும். ஏழாம் நாள் முப்பத்தேழாவது படி. ஒன்பதாம் நாள் முப்பத்திரண்டு.

செங்கோடனின் மனைவி அம்சவேணி களத்துக்கு வருவதில்லை. தட்டு அடுக்கும் இடத்தில் அவளும் முன்பு வேலை பார்த்தவள்தான். முதல் மூன்று நாளும் தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்து கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. அதற்குப் பிறகு வீட்டிலேயே இருந்தாள். மைக் சத்தம் அவள் வீடு வரைக்கும் கேட்கும். பத்தாம் நாள் மாலை நாச்சிமுத்து மைக்கைப் பிடித்து, "ஆம்பளைக்கு வீட்டுல இருந்து தப்பிக்க ஆயிரம் வழி இருக்கு. செங்கோடன் கண்டுபிடிச்சது புது வழி. பாருங்க, அம்சவேணி கைக்கு எட்டாத தூரத்துல எவ்வளவு நிம்மதியாத் தூங்குறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, களத்தின் வாசலில் அவள் நின்றாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. நாச்சிமுத்துவுக்கு மைக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் அவரைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள்.

"எவ்வளவு எறங்குச்சுங்கண்ணா?"

"ஏணியில ஒரு படி இருக்கும், தங்கச்சி."

"என்னைய வெச்சு வேற எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய சிரிப்பை அத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

வையாபுரி தினமும் இரண்டு வேளையும் வந்தார். களத்தின் ஓரத்தில், உடைந்த பாய்லருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். சுற்றிலும் எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும்போது அவர் வாயைத் திறந்து பார்ப்பார், சத்தம் வராது. "மேஸ்திரி, நீங்க சிரிச்சா அவன் நேரா வீட்டுலயே எறங்கிருவானுங்க, அவ்வளவு அதிசயம்" என்று பழனியம்மாள் ஒருநாள் சொன்னதற்கு அரை மூட்டை விழுந்தது. தன் முகத்தை வைத்தாவது அரை மூட்டை விழுந்ததே என்று வையாபுரி நினைத்தார். பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பொட்டைத் துடைக்காத கை எது, வலதா இடதா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிப்பார். பக்தியினால் நிறுத்தினேனா, சோம்பலினாலா? பக்தி என்று சொல்லிக்கொண்டால் பாதி பாரம் சாமி தலைக்குப் போய்விடும் என்பதால்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேனா? யாரிடமாவது சொல்லிவிடலாம் என்று கிளம்புவார். தெரு முனையில் அம்சவேணியின் வீடு. அவள் வாசலில் கோலம் புதிதாக இருக்கும். திரும்பி வந்துவிடுவார்.

அவளுக்கும் வேறொரு கேள்வி வந்து சேர்ந்திருந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை, சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர் வந்து, சுற்றி வளைத்து, இந்த நிலைமையில் நெற்றியில் குங்குமம் வைக்கலாமா, வைத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார்கள். மூச்சு இருக்கிறது என்று நர்ஸே சொன்னதை அவள் சொன்னாள். அது சரிதான், ஆனாலும், என்றார்கள். அவள் எழுந்துபோய்க் கண்ணாடி முன் நின்று, வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இந்தச் செய்தி டீக்கடைக்கு வந்தபோது யாரும் அதை வைத்து வேடிக்கை செய்யவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த வையாபுரி கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

இருபதாம் நாளில் ஜவ்வரிசி பதினெட்டாவது படிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. ஊரிடம் இருந்த வேடிக்கை தீர்ந்துபோனது. சிரித்த வாய்களில் இருமல்தான் மிச்சம். ஐப்பசி மேகம் கிழக்கே கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக் கட்டியது. பழனியம்மாள் வையாபுரியைத் தேடி வந்தார்.

"மழ பட்டா என்ன ஆவும், மேஸ்திரி? உங்களுக்குத்தான் தெரியும்."

"ஊறும்."

"ஊறுனா?"

"பசையாவும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெட்டியாயிரும்."

"நடுவுல இருக்கறவன்?"

ஜவ்வரிசிப் பசைக்குள் மாட்டிய ஈயை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

அதற்கு மறுநாள் கழித்து, ஆலை வெடித்த பிறகு வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு ஒருவர் என்றில்லாமல் ஊர் முழுவதும் களத்தில் நின்றது. காற்றில் மழை வாசனை. அம்சவேணியும் வந்து முன்வரிசையில் நின்றாள். நாச்சிமுத்து மைக்கைப் பிடித்தார், வாயைத் திறந்தார், மூடினார். "ஒண்ணும் வரலீங்க" என்றார். யாரோ பழைய பாயச வேடிக்கையைச் சொன்னார்கள். யாரோ ஹா ஹா என்றார்கள். ஒரு மணிகூட விழவில்லை. அடுத்து யார், அடுத்து யார் என்று பழனியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். அழுகிற சத்தம் ஒன்றிரண்டு இடத்தில் கேட்கத் தொடங்கியது.

வையாபுரி எழுந்து மைக்கிடம் நடந்தார். அவர் நடப்பதைப் பார்த்தே இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்து, ஒரு பிடி விழுந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "சிரிப்பு வருமா என்னன்னு தெரியல. இது அம்சவேணிக்குச் சொல்றது. மத்தவங்களும் கேக்கலாம்."

மைக் கொய்ங் என்றது. நாச்சிமுத்து அதைச் சரிசெய்தார்.

"அம்மணி, அன்னிக்குப் பிரஷர் அளவா இருந்துச்சுன்னு நான் சொன்னது பொய்யி. நான் முள்ளப் பாக்கவே இல்ல. ஆயுத பூஜைக்கு மீட்டருக்குச் சந்தனப் பொட்டு வெச்சேன். பெருசா வெச்சுட்டேன். முள்ளு அதுக்குப் பின்னால போயிருச்சு. தொடைக்கலாம்னுதான் துண்ட எடுத்தேன். அப்புறம், வெள்ளிக்கெழம பொட்ட அழிக்கக் கூடாதுன்னு..." அவர் தோளிலிருந்த துண்டைத் தொட்டார். "...அழிக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். தொட்டுக் கும்புட்டுட்டு, டீ குடிக்கப் போயிட்டேன்."

அம்சவேணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நெற்றிக் குங்குமம் வேர்வையில் லேசாக இறங்கியிருந்தது. செருப்பைக் கழற்றுவாள் என்று பழனியம்மாள் நினைத்தார். வையாபுரியும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார், கழற்றினால் நல்லது என்றுகூட இருந்தது.

"கும்புட்டீங்களா?" என்றாள்.

"ம்."

"மீட்டரயா?"

"ஆமா."

"எப்படி?"

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மைக்கை விட்டுவிட்டு, வலது கையை நீட்டி, இல்லாத மீட்டரைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக் காட்டினார்.

"ஏனுங்கண்ணா," என்றாள் அம்சவேணி, குரல் எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தது, "எம் பொட்டு இருக்கலாமா போவலாமான்னு ஒரு வாரமா ஊரே பேசிட்டிருக்கு. நீங்க மிஷினு பொட்டக் காப்பாத்திட்டுப் போயிட்டீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் அது அவளிடமிருந்து வந்தது. முதலில் அது சிரிப்பு என்றே யாருக்கும் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிரசவ வலி வந்தவள்போலக் குனிந்து, களத்தில் உட்கார்ந்து, சிமெண்டைக் கையால் அடித்து அடித்து அவள் சிரித்தாள். மூச்சு வாங்க நிமிர்வாள், வையாபுரியின் முகத்தைப் பார்ப்பாள், "கும்புட்டுட்டு" என்பாள், மறுபடியும் குனிவாள். கண்ணீர் கொட்டியது. கூடவே சிரிப்பதா அவளைப் பிடித்துத் தூக்குவதா என்று தெரியாமல் நின்ற ஊர், கொஞ்சம் கொஞ்சமாக, பயந்து பயந்து, பிறகு தாங்க மாட்டாமல், அவளோடு சேர்ந்தது. தலைக்கு மேலே பிடியாக, படியாக, மூட்டையாக விழுந்த ஜவ்வரிசி இப்போது பொதபொதவென்று மொத்தமாகக் கொட்டியது. பத்தாவது படி. ஆறாவது படி. ஆட்கள் குடையை விரிப்பதுபோலக் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். முட்டி வரைக்கும் வெள்ளையில் புதைந்து நின்று சிரித்தார்கள். அந்த வெள்ளையின் மேல், தட்டை அணைத்தபடி, மெத்தையில் புரண்டு படுப்பவன்போல, செங்கோடன் வந்து இறங்கினான்.

அம்சவேணி ஜவ்வரிசியில் நீந்திப் போய் அவன் காலைப் பிடித்தாள். இழுத்துப் பார்த்தாள், கனமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவள் சிரிப்பு நின்றது.

அவன் கண் திறந்தான். மூன்று வாரத் தாடி, உதடு வெடித்திருந்தது. மனைவியைப் பார்த்தான், சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். நாச்சிமுத்துவிடம் வந்தபோது, "டவுசர் வேடிக்க நல்லாருந்துச்சு, ஆனா அது நீங்க சொன்னதில்ல" என்றான். நாச்சிமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான் என்பது ஊருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஒவ்வொருவரும் தான் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"தண்ணி" என்றான்.

வையாபுரிதான் பக்கத்தில் இருந்தார். குழாயடியிலிருந்து சொம்பில் பிடித்துவந்து, மண்டியிட்டு, அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். அவன் மெதுவாகக் குடித்தான். முதல் தூறல் விழுந்து சுற்றிலும் ஜவ்வரிசியில் சிறு சிறு குழியாகிக்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றான் செங்கோடன். கோபம் எதுவும் இல்லாத குரல், வேலையில் ஒரு விவரம் கேட்கிற குரல். "இதை மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா, மொத நாளே எறங்கியிருப்பேனுங்களே."

வையாபுரி சொம்பைச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் தீர்ந்திருந்தது.

"இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

"வேணுமுங்க" என்றான் அவன்.

அவர் எழுந்து, மழையில் பசையாகத் தொடங்கியிருந்த ஜவ்வரிசிக்குள் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, குழாயை நோக்கி நடந்தார். யாரும் சிரிக்கவில்லை.